தோட்டக் காணியும் அதன் உறுதியும்

ஊவா மலைச்சாரல்களைப் போர்த்து நிற்கும் தேயிலைத் தோட்டங்கள் தொன்றுதொட்டு இருந்தவை அல்ல. அவை தோட்டங்களான வரலாற்றைக் காணி உறுதிகளிலும் நில அளவைப் படங்களிலும் காணலாம்.

தோட்டமொன்றின் உறுதிகளைப் பின்னோக்கிப் படித்துச் சென்றால், பெரும்பாலும் முடிவில் எஞ்சுவது பிரித்தானிய முடி வழங்கிய உறுதியே. அம்முடிக்கு அக்காணி எவ்வாறு உரித்தாயிற்று? 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அதற்கு விடை கூறும். காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்கே உரியன என அது கொண்டது. கண்டி நாட்டுப் பகுதிகளிற் சேனை நிலத்துக்கு உரிமை கோரியவர் சன்னசு முதலிய சாசனத்தையோ, இருபது ஆண்டுகளுக்குள் வழமையான வரியோ ஊழியமோ செலுத்திய சான்றையோ காட்டவேண்டியிருந்தது. சில ஆண்டுகள் இடைவிட்டுச் சேனை செய்த குடியானவனிடம் எழுத்து ஏது? அவன் அறிந்த சான்று ஊராரின் நினைவே. அதே ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமோ, காணிக் கைமாற்றத்தை நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒப்பமிட்ட எழுத்தாக்கிற்று. நினைவு தோற்றது, எழுத்து வென்றது.

இவ்வாறு முடிக்குரியதான நிலம் ஏக்கர் 5 ஷில்லிங்காகவும், 1844 முதல் 20 ஷில்லிங்காகவும் குறைந்த விலை விதிக்கப்பட்டுத் தோட்டத் துரைமாருக்கு விற்கப்பட்டது. 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிய, தேயிலை வந்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்கள் வாங்கினார். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் கம்பெனிகளிடம் சென்றது.

இத்தனை கைமாறல்களிலும் ஒரு பெயர் இல்லை. காட்டை வெட்டிக் கன்று நட்ட தொழிலாளியின் பெயரே அது. லயத்திற் பல தலைமுறை வாழ்ந்தும் அவனுக்கு அது வேலையோடு ஒட்டிய இருப்பிடமே. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தபோது, உயிர் தப்பியோர்க்குத் தமதென்று சொல்லிப் பெயர்ந்து செல்லச் சொந்தக் காணி இருக்கவில்லை.

ஆதலின், தோட்ட மக்களுக்கு வீட்டுக்காணி வழங்கப்படும்போது, வீட்டை மட்டும் பார்த்து மகிழ்தல் போதாது. உறுதியில் யார் பெயர் உளது, எல்லைகள் எவை, நில அளவைப் படத்தின் இலக்கம் யாது, காணிப் பதிவகத்திற் பதிவாயிற்றா என்பவற்றை ஆராய்தல் வேண்டும். சட்டமும் நில அளவையும் கற்ற நம் பழைய மாணவர், அவ்வுறுதிகளைப் படித்துப் பொருள் கூற விடுமுறை நாளொன்றைத் தோட்டங்களுக்கு ஒதுக்குவாராயின், அதுவே கற்ற கல்விக்கு அவர் செய்யும் கைம்மாறாகும்.