குடற்சுவருக்கு வரும் கட்டளைகள்

பெருங்குடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் கலங்கள் ஏறக்குறைய ஐந்து நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. எந்தக் கலம் பிரிய வேண்டும், எது ஓய வேண்டும் என்பதைக் குருதியில் சுற்றிவரும் ஓமோன்களும், அயற்கலங்கள் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் என்னும் சிறு புரதங்களும் அறிவிக்க, பெரும்பாலும் கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் அக்கட்டளைகளை வாங்கி உள்ளே கடத்துகின்றன. சுண்டெலிக் குஞ்சுகளின் கண்களை உரிய நாளுக்கு முன்பே திறக்கச் செய்த பொருளைத் தேடிய ஸ்டான்லி கோஹன் கண்டறிந்த மேற்றோல் வளர்ச்சிக் காரணி அத்தகைய ஒன்றாகும். அதற்காக 1986 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அக்காரணி ஏற்பியைப் பற்றியதும், கலத்தினுள் கேராஸ் என்னும் புரதம், கந்தளாய்க் குளத்தின் துருசு வயலுக்கு நீர் வேண்டும்போது திறந்து பின் மூடப்படுவதுபோல, சற்று நேரம் இயங்கி அடங்குகிறது. பெருங்குடற் புற்றுநோயாளரில் ஏறத்தாழ 40 சதவீதத்தினரிடம் மரபணுப் பிறழ்வு காரணமாக இத்துருசு திறந்தபடியே நின்றுவிடுவதால், கட்டளை வராதபோதும் கலங்கள் பெருகுகின்றன. ஏற்பியை அடைக்கும் செட்டுக்ஸிமாப் என்னும் மருந்து 2004 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் இப்பிறழ்வு உள்ளோருக்கு அது பயன் தராது என்பது 2008 அளவில் தெளிவாயிற்று. துருசுக் கதவே உடைந்திருக்க, அதைத் திறக்கும் கட்டளையைத் தடுப்பதால் நீர் நிற்காது. எனவே மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ மட்டக்களப்புக்கும் மஹரகமவுக்கும் சிகிச்சைக்காகப் பயணிக்கும் குடும்பமொன்று, இம்மருந்தைப் பற்றிப் பேசுமுன் கட்டி மாதிரியில் கேராஸ் பரிசோதனை செய்யப்பட்டதா என்று வைத்தியரிடம் கேட்பது முற்றிலும் நியாயமானது. பயன் தராத மருந்தின் செலவும் பக்கவிளைவும் அவ்வொரு கேள்வியால் தவிர்க்கப்படலாம்.

ஓமோன்களில் இன்சுலினே பலருக்கும் மிக நெருக்கமானது. உடற்பருமனிலும் இரண்டாம் வகைச் சலரோகத்தின் தொடக்கத்திலும் இன்சுலின் மிகையாகச் சுரக்கும்போது, இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியைப் பிணைத்து வைக்கும் புரதங்கள் சில குறைய, விடுபட்ட அக்காரணி குடற்கலங்களைப் பெருகத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது. சலரோகம் உள்ளோரிடம் பெருங்குடற் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுவதற்கு இது ஒரு காரணமாகலாம். வளர்ச்சி ஓமோன் மிகுந்து, அதனால் இன்சுலினை ஒத்த அவ்வளர்ச்சிக் காரணியும் கூடி, கைகால்கள் தடிக்கும் நோயுள்ளோரின் பெருங்குடலில் பொலிப் எனப்படும் முளைகள் அதிகம் தோன்றுவதும் இவ்விளக்கத்துக்கு வலுவூட்டுகிறது.

சலரோகக் கிளினிக்குக்கு மாதந்தோறும் செல்லும் ஒருவர், மலத்துடன் குருதி போவது இப்புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், அதை மூலமென்று தாமே தீர்மானித்துக்கொள்ளாமல், குருதிச் சீனியைச் சொல்லும் அதே வைத்தியரிடம் அதையும் சொல்ல வேண்டும்.