கட்டியங்காரன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்?

தோழர்களே, ‘கோமாளி’ என்பதை நாம் வசைச் சொல்லாகவே பழகிவிட்டோம். மேடையில் சிரிக்க வைப்பவர்கள் எல்லாரும் ஒன்றுதான் என்றும் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை.

நகைச்சுவை நடிகர் கதைக்குள் இருப்பவர். கஞ்சனாக, குடிகாரனாக, வேலைக்காரனாக வருவார். அந்த ஆள் மாட்டிக்கொண்டு விழிப்பதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது அந்தப் பாத்திரத்துக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால் சிரிப்பு செத்துவிடும்.

கோமாளிக்கு எல்லாம் தெரியும். தெருக்கூத்தின் கட்டியங்காரனை எடுத்துக்கொள்வோம். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறான். இவன் வெளியே நின்று, யார் நீ, எந்த ஊர், இங்கே என்ன வேலை என்று விசாரிக்கிறான். பேரையும் குலத்தையும் பெருமையையும் சொல்லித்தான் அரசனே சபைக்குள் வர வேண்டியிருக்கிறது. வந்த பிறகு இவன் அவனுக்கு ஏவலாள். ராஜா செந்தமிழில் வசனம் பேசினால், காதில் வேறு மாதிரி விழுந்ததுபோல ஊர்த் தமிழில் திருப்பிக் கொடுப்பான். அடுத்த நொடி நம் பக்கம் திரும்பி ரேஷன் கடையைப் பற்றிப் பேசுவான். அஸ்தினாபுரத்தில் ஏது ரேஷன் கடை என்று யாரும் கேட்பதில்லை. ஸ்பெஷல் நாடகத்தின் பபூனும் இப்படித்தான். வள்ளியும் முருகனும் வருவதற்கு முன்பே தனியாக மேடையேறிச் சபையோடு நேரே பேசுவார்.

இந்த வேறுபாடு நமக்கு ஏன் முக்கியம்? நம் நிறத்தையும் பேச்சையும் தொழிலையும் வைத்துச் சினிமா எத்தனையோ முறை சிரிப்பு மூட்டியிருக்கிறது. அங்கே நம் ஆள் சிரிக்கப்படுகிறார், பதில் பேச அவருக்கு வசனம் இல்லை. கோமாளி முதலில் தன்னையே கேலிக்கு ஒப்புக்கொடுக்கிறான். அதைக் கொடுத்துத்தான் ராஜாவைக் கேள்வி கேட்கும் உரிமையை வாங்குகிறான்.

அதற்காகக் கட்டியங்காரனைப் புரட்சியாளன் ஆக்கிவிட வேண்டாம். பெண்களையும் உடல் ஊனமுற்றோரையும் கேலி செய்து கைதட்டல் வாங்குவதும் அவன்தான். அவனுக்குக் கிடைத்த உரிமையும் விடியும்வரைதான். இரவெல்லாம் ராஜாவை மடக்கிய சேரிக் கலைஞர், விடிந்ததும் அதே ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த காலம் நம் பெரியவர்கள் நினைவில் இருக்கிறது.

இப்போது நம் வீதி நாடகங்களுக்கு வருவோம். ஆதிக்கச் சாதிக்காரரை மீசையும் தொந்தியுமாக ஒரு முட்டாளாக்கிக் காட்டுகிறோம். கூட்டம் சிரிக்கிறது, நமக்கும் நிறைவாக இருக்கிறது. ஆனால் நிஜத்தில் அவர் முட்டாள் இல்லையே. நிலமும் காவல் நிலையமும் அவர் கையில் அல்லவா இருக்கின்றன? கட்டியங்காரன் ராஜாவை முட்டாளாக்குவதில்லை. ராஜாவாகவே முழுக்கப் பேச விடுகிறான், பக்கத்திலேயே நின்று கேட்கிறான். பிறகு நம்மைப் பார்த்துத் திரும்புகிறான்.