சுமை பகிரும் எஃகுக் குண்டுகள்

நுழையும்முன்

மிதிவண்டியின் சக்கரம் முதல் மேசையின் இழுப்பறை வரை, ஓசையின்றி இயங்கும் பொருள்கள் பலவற்றினுள்ளே சிறு எஃகுக் குண்டுகள் உருண்டுகொண்டிருக்கின்றன. அவை தேய்ந்தபின் மாற்றுக் குண்டுகளைத் தேர்ந்தெடுப்பது எளிய செயலாகத் தோன்றலாம். ஆயினும், தலைமயிரின் பருமனிலும் குறைந்த வேறுபாடு ஓர் இயங்கமைப்பையே பாழாக்கிவிடும். அவ்வேறுபாட்டை அறியும் முறையையும் அதன் அறிவியல் அடிப்படையையும் இப்பாடம் விளக்குகிறது.

நழுவுதலும் உருளுதலும்

ஒரு பொருள் மற்றொன்றின்மேல் நழுவும்போது எழும் உராய்வைவிட, உருளும்போது எழும் உராய்வு மிகக் குறைவு. கனமான மரத்தின் அடியில் உருளைக்கட்டைகளை இட்டு நகர்த்துவோர் இவ்வுண்மையைப் பட்டறிவால் உணர்ந்தவர்கள். சுழலும் அச்சுக்கும் அதனைச் சூழ்ந்த கிண்ணத்துக்கும் இடையே குண்டுகளை அமைத்து, நழுவுதலை உருளுதலாக மாற்றும் அமைப்பே பந்துத் தாங்கி. வழக்கில் இதனைப் ‘பேரிங்’ என்றும், இதிலுள்ள குண்டுகளைப் ‘பால்ரஸ்’ என்றும் கூறுவர்.

வேல்ஸ் நாட்டின் கார்மார்தன் நகரைச் சேர்ந்த பிலிப் வாகன், வண்டி அச்சில் குண்டுகளைப் பயன்படுத்தும் அமைப்பிற்கு 1794ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். பாரிஸ் நகர மிதிவண்டிக் கைவினைஞரான ஜூல் சுரிரே, 1869ஆம் ஆண்டு மிதிவண்டிக்கான பந்துத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பாரிசிலிருந்து ரூவான் வரை நடைபெற்ற போட்டியில், அத்தகைய தாங்கி பொருத்திய வண்டியில் ஜேம்ஸ் மூர் வெற்றி பெற்றார். எனினும், குண்டுகள் அனைத்தையும் ஒரே அளவில் உருவாக்குவது அரிய செயலாகவே இருந்தது. ஜெர்மனியின் ஷ்வைன்ஃபூர்ட் நகரில் பிரீட்ரிக் ஃபிஷர் 1883ஆம் ஆண்டு அமைத்த பொறி, எஃகுக் குண்டுகளைச் சீரான உருண்டைகளாகப் பேரளவில் தேய்த்தெடுக்க வழிவகுத்தது. பந்துத் தாங்கி உலகெங்கும் பரவியதற்கு இவ்வளவொப்புமையே அடித்தளமாயிற்று.

ஒத்த அளவின் இன்றியமையாமை

மிதிவண்டிச் சக்கரத்தின் குடத்தினுள் குண்டுகள் வட்டமாக அமர்ந்துள்ளன. சுமை அழுத்தும்போது, அழுத்தம் விழும் பக்கத்திலுள்ள குண்டுகள் அதனைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அப்போது ஒவ்வொரு குண்டும் ஓடுபாதையைத் தொடும் இடத்தில் சிறிது அமுங்கும். அவ்வமுக்கம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகளின் அளவே ஆகும்.

இக்குண்டுகளுள் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.03 மி.மீ. பெரியதாக இருப்பின் என்ன நிகழும்? சுமை விழும் இடத்திற்கு அக்குண்டு உருண்டு வரும்போது, மற்றவை ஓடுபாதையை நன்கு தொடுவதற்கு முன்பே அது முழுச் சுமையையும் ஏற்றுவிடும். பலர் சுமக்க வேண்டியதை ஒருவரே சுமக்கும் நிலை அது. அவ்வாறு தனித்துச் சுமக்கும் குண்டு ஓடுபாதையில் பள்ளங்களைத் தோற்றுவிக்கும். தானும் செதில் செதிலாக உதிரும். உதிர்ந்த எஃகுத் துகள்கள் ஏனைய குண்டுகளையும் கீறும்.

பழுதடைந்த ஒரு குண்டை மட்டும் மாற்றுவது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும். பழைய குண்டுகள் தேய்ந்து சிறுத்திருக்கும். புதிய குண்டோ முழு அளவில் இருக்கும். குறையற்ற அப்புதிய குண்டே கேட்டிற்குக் காரணமாகிவிடும். எனவே, ஒன்று பழுதுபட்டாலும் அத்தொகுதி முழுவதையும் மாற்றுதல் வேண்டும்.

அளவறியும் முறை

குண்டுகள் மில்லிமீட்டர் அளவிலும் அங்குல அளவிலும் கிடைக்கின்றன. 5/32 அங்குலக் குண்டின் விட்டம் 3.969 மி.மீ. அதனை 4 மி.மீ. குண்டுடன் அருகருகே வைத்தால் கண் வேறுபாடு காணாது, விரலும் உணராது. ஆனால், அவற்றிடையே 0.031 மி.மீ. வேறுபாடு உண்டு. முன்னர்க் கண்ட கேட்டினை விளைவிக்க அவ்வளவே போதும். கடையில் ‘நான்கு மில்லி’ என்று பேச்சளவில் கேட்டு வாங்குவதன் இடர் இதுவே.

இவ்விடத்தில் இயற்பியல் ஆய்வகக் கருவிகள் துணைசெய்கின்றன. 0.1 மி.மீ. மீச்சிற்றளவு கொண்ட வெர்னியர் அளவியால் இவ்விரு குண்டுகளையும் பிரித்தறிய இயலாது. 0.01 மி.மீ. மீச்சிற்றளவு கொண்ட திருகு அளவியால் இயலும். குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் பல திசைகளில் அளந்து, சுழிப்பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

தேய்ந்த குண்டு தன் தொடக்க அளவைக் காட்டாது என்பதையும் நினைவில் கொள்ளுதல் நன்று. 4 மி.மீ. குண்டொன்று தேய்ந்து 3.97 மி.மீ. எனக் காட்டக்கூடும். ஆகவே, பல குண்டுகளை அளந்து, பளபளப்புக் குன்றாதவற்றின் அளவையே பெரிதும் கருத்தில் கொள்ள வேண்டும். ஐயம் நீங்காவிடின், உற்பத்தியாளரின் கையேட்டைக் காண்பதே முறை.

தெரிந்து தெளிவோம்

மிதிவண்டியின் முன்சக்கரக் குடத்தில் பக்கத்திற்குப் பத்தாக 3/16 அங்குலக் குண்டுகளும், பின்சக்கரக் குடத்தில் பக்கத்திற்கு ஒன்பதாக 1/4 அங்குலக் குண்டுகளும் பரவலாகக் காணப்படுகின்றன. மில்லிமீட்டரில் இவை முறையே 4.763, 6.35 ஆகும். வண்டிக்கு வண்டி இவை மாறக்கூடுமாதலால், கழற்றும்போதே எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

உலோகமும் தரமும்

பெரும்பாலான தாங்கிகளுக்குக் குரோமிய எஃகுக் குண்டுகள் ஏற்றவை. ஏறத்தாழ 1 விழுக்காடு கார்பனும் 1.5 விழுக்காடு குரோமியமும் கலந்த இவ்வெஃகு மிகுந்த கடினத்தன்மை உடையது; ஈரத்தில் துருப்பிடிப்பது இதன் குறை. நீர் புகும் இடங்களுக்குத் துருவேறா எஃகினை நாடுவர். அதிலும் வகையறிதல் வேண்டும். 440சி என்னும் வகை கடினமாக்கப்படுவதால் சுமை தாங்கும். 304, 316 ஆகிய வகைகள் துருவை நன்கு எதிர்க்குமாயினும் மென்மையானவை. மிகுந்த சுமைக்கு உதவா. குரோமிய எஃகையும் 440சி வகையையும் காந்தம் ஒருசேர ஈர்க்குமாதலால், காந்தச் சோதனையால் அவ்விரண்டையும் வேறுபடுத்த முடியாது.

குண்டின் உருண்டைத் துல்லியத்தைத் தர எண் குறிக்கும். எண் சிறுத்தால் துல்லியம் மிகும். தரம் 100 எனில், சரியான உருண்டை வடிவிலிருந்து 2.5 மைக்ரோமீட்டர் வரையிலும், தரம் 10 எனில் 0.25 மைக்ரோமீட்டர் வரையிலும் விலகல் ஏற்கப்படும். இழுப்பறைக்குத் தரம் 100 போதுமானது; விரைந்து சுழலும் துல்லியப் பொறிகளுக்குத் தரம் 10 அல்லது அதனினும் உயர்ந்தது தேவை. ஒரே தரமுடைய இரு பொட்டலங்களிடையேயும் சிறு அளவு வேறுபாடு இருக்கலாம். ஆதலால், ஒரு தாங்கிக்கு வேண்டிய குண்டுகள் அனைத்தையும் ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்தல் வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

மிதிவண்டித் தாங்கியின் வட்டத்தில் இடைவெளியே இல்லாதவாறு குண்டுகளை நெருக்கி நிரப்பக் கூடாது. குண்டுகள் யாவும் ஒரே திசையில் சுழல்வதால், அடுத்தடுத்த இரு குண்டுகள் தொடும் இடத்தில் அவற்றின் பரப்புகள் எதிரெதிராக நகர்ந்து உரசும். அந்நெருக்கத்தைத் தவிர்க்கவே சிறிது இடைவெளி விடப்படுகிறது.

ஓடுபாதையையும் ஆராய்தல் வேண்டும். எழுதுகோலின் முனையை அதன்மீது மெல்ல நகர்த்தினால், பள்ளம் உள்ள இடத்தில் முனை தடுக்கும். பள்ளம் விழுந்த கிண்ணத்தில் இடும் புதிய குண்டுகள் விரைவில் பழுதாகும். அங்கே கிண்ணத்தையும் மாற்றுவதே முறை.

இழுப்பறையின் நழுவு சட்டங்களுக்கும் இவை பொருந்தும். அங்கே குண்டு பெரிதானால் சட்டம் இறுகும். சிறிதானால் இழுப்பறை தொய்ந்து ஆடும். தொழிற்சாலைப் பொறிகளின் நேர்கோட்டு நழுவமைப்புகளில், அசைவு நீங்குமாறு மைக்ரோமீட்டர் கணக்கில் குண்டுகளைத் தேர்ந்து பொருத்துகின்றனர். மூடி முத்திரையிடப்பட்ட தாங்கிகளிலும் குண்டும் பாதையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு தொழிற்சாலையிலேயே இணைக்கப்படுகின்றன. அத்தாங்கி பழுதாயின் முழுவதையும் மாற்ற வேண்டுமேயன்றி, குண்டுகளை மட்டும் மாற்றுதல் தகாது.

மேல்நிலை முதலாம் ஆண்டில் அரசு வழங்கும் மிதிவண்டியில் நாள்தோறும் பள்ளிக்கு வரும் மாணவர் பலர். அவ்வண்டியின் முன்சக்கரம் பக்கவாட்டில் ஆடினாலோ, சுழலும்போது கரகரவென ஒலித்தாலோ அது தாங்கியின் முறையீடாக இருக்கலாம். காலந்தாழ்த்தாமல் கழற்றி, அளந்து, தொகுதி முழுவதையும் மாற்றி, புதிய கிரீசு இட்டால் வண்டி நெடுநாள் உழைக்கும். ஓட்டுபவரும் தீங்கின்றி வீடு சேர்வார். தேர்ந்தெடுப்பவர் நாட வேண்டியது தனிச்சிறப்புடைய ஒரு குண்டை அன்று. தம்முள் ஒத்து நின்று சுமையைப் பகிரும் ஒரு தொகுதியையே ஆகும்.