செக் எஞ்சின் லைட்டை அணைக்கலாம், பழுதை?

மாத்தளையிலிருந்து தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு வேன் ஓட்டும் நம் வியாபாரிகளுக்குப் பரிச்சயமான சங்கடம் இது. டேஷ்போர்ட்டில் மஞ்சள் நிற எஞ்சின் படம் எரிகிறது. கராஜில் மெஷினைப் போட்டு அணைத்து, காசும் வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு நாளில் மறுபடி எரிகிறது.

அணைக்கும் வேலையை வீட்டிலேயே செய்யலாம். அமெரிக்கா 1996இலும், ஐரோப்பா பெற்றோல் கார்களுக்கு 2001இலும் ஓபிடி முறையைக் கட்டாயமாக்கின. நம் நாட்டு ஜப்பானிய ரீகண்டிஷன் வாகனங்களிலும், மிகப் பழையவை நீங்கலாக, அதற்குரிய 16 முனைச் சொக்கட் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். கைத்தொலைபேசியுடன் இணையும் சிறிய ஸ்கேனரை அதில் செருகி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். முதலில் கோட் இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். அழிப்பது பிறகுதான்.

பட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினாலும் பல வாகனங்களில் லைட் அணையும். ஆனால் எழுதிக்கொள்ள வேண்டிய கோடும் அதோடு போய்விடும். ஹைபிரிட் வாகனங்களில் செம்மஞ்சள் நிற வயர்களில் கை வைக்கவே வேண்டாம்.

பி0300 என்று வந்தால் சிலிண்டர்களில் எரிபொருள் ஒழுங்காகப் பற்றவில்லை. பிளக், கொயில் முதலியவற்றைப் பாருங்கள். லைட் விட்டுவிட்டு மின்னினால் ஓரமாக நிறுத்துவதே நல்லது. எரியாத பெற்றோல் கெட்டலிட்டிக் கன்வேட்டருக்குள் போய் எரிந்து அதையே நாசமாக்கும். ஒரு பிளக்கின் விலை எங்கே, கன்வேட்டரின் விலை எங்கே! பழுது உண்மையில் தீர்ந்திருந்தால், மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து சரியாக அமைந்ததும் பெரும்பாலான வாகனங்களில் லைட் தானாகவே அணையும்.

பாவித்த வாகனம் வாங்குவோர்தான் அதிகம் கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றம் தெரிந்ததே. இவ்வளவு பணம் புரளும் இடத்தில், விற்பதற்கு முதல் நாள் கோடை அழித்துவிடுவது சிலருக்குச் சுலபமான வழியாகிவிட்டது. டொயோட்டா ஹைபிரிட்டில் பெரிய பட்டரி பழுதைக் காட்டும் பி0ஏ80 கோடையும் இப்படி அழிக்கலாம்; ஓடிப் பார்த்தால் திரும்பி வரும்.

சாவியைப் போட்டதும் லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருப்பார்களோ என்று சந்தேகியுங்கள். ஸ்கேனரில் 'ரெடினஸ்' என்ற பக்கத்தில் பல சோதனைகள் முடியாதவையாகக் காட்டினால், அண்மையில் கோட் அழிக்கப்பட்டிருக்கலாம், அல்லது பட்டரி கழற்றப்பட்டிருக்கலாம். கோட் அழித்த பின் ஓடிய கிலோமீற்றரும் பல வாகனங்களில் தெரியும். 'ஒரு வருடமாக எந்தத் தொல்லையும் இல்லை' என்று விற்பவர் சொல்ல, அங்கே 12 என்று இருந்தால் காரணத்தைக் கேளுங்கள்.

புகைப் பரிசோதனைக்காக லைட்டை அணைப்பதிலும் பயனில்லை. அங்கே அளப்பது குழாயிலிருந்து வரும் புகையை.

முற்பணம் கொடுப்பதற்கு முன் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் பலகடுவ ஏற்றம் வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மட்டமான பாதையில் மறைந்திருக்கும் திக்கல், பாரத்தோடு ஏறும்போது வெளியே வரும். திரும்பி வந்து ஸ்கேனரை இன்னொரு தடவை செருகிப் பார்த்த பிறகு விலை பேசலாம்.