லாக் கோப்புக்கு யார் கையில் சாவி?

கறம்பக்குடியில் ஒரு மாணவி செல்போனில் தேர்வு முடிவு பார்க்கிறார். பக்கம் திறக்கும்போதே, எங்கோ உள்ள சர்வரில் ஒரு வரி பதிவாகிறது: ஐபி எண், தேதி, நேரம், கேட்ட பக்கத்தின் முகவரி, பிரவுசரின் பெயர். இப்படிச் சேரும் கோப்புதான் ‘ஆக்சஸ் லாக்’. தளம் முடங்கினால் நிர்வாகி முதலில் புரட்டுவது இதைத்தான்.

சிக்கல் அந்த முகவரியில் இருக்கிறது. தளத்தைச் சரியாக அமைக்காவிட்டால் பதிவு எண், பிறந்த தேதி, ஏன், பாஸ்வேர்டுகூட முகவரியோடு ஒட்டிக்கொண்டு போகும். எச்டிடிபிஎஸ் பாதுகாப்பு சர்வர் வாசல் வரைக்கும்தான். உள்ளே போனதும் எல்லாம் வெறும் எழுத்தாக லாகில் இறங்கிவிடும்.

நம் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் கிளை வைத்திருக்கும் சர்வதேசப் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ-யே இதில் சிக்கியது. 2012 செப்டம்பரில், கோப்புகளைப் பரிமாறப் பயன்படும் அதன் எஃப்டிபி சர்வரில் சுமார் 100 ஜிபி லாக் கோப்புகள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி கிடந்ததை ராடு டிரகுஷின் என்ற கணினி ஆய்வாளர் கண்டார். ஏறக்குறைய 1 லட்சம் பேரின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அதில் அப்படியே இருந்தன. அதைப் பார்க்க எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை.

லினக்ஸ் சர்வரில் பூட்டு என்பது மூன்று இலக்கம்: உரிமையாளருக்கு ஒன்று, அவர் குழுவுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. படிக்க 4, எழுத 2, இயக்க 1. லினக்ஸின் டெபியன், உபுண்டு வகைகளில் அப்பாச்சி என்ற வெப்சர்வர் மென்பொருளின் லாகுக்கு வழக்கமான எண் 640. அதாவது, உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழு படிக்க மட்டும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. 644 என்று மாற்றிவிட்டால், ஃபோல்டரும் திறந்திருக்கும் பட்சத்தில், அந்தச் சர்வரில் கணக்குள்ள எவரும் படித்துவிடலாம்.

எழுதும் உரிமை இன்னும் ஆபத்து. அப்பாச்சி பொதுவாக ‘ரூட்’ எனப்படும் உச்ச நிர்வாகி அதிகாரத்தில்தான் லாகைத் திறக்கிறது. அந்த ஃபோல்டரில் எழுத முடிந்தவர், லாக் கோப்பின் பெயரில் வேறொரு முக்கியக் கோப்புக்கு இணைப்பு வைத்தால், சர்வர் ரூட் அதிகாரத்தோடு அதில் போய் எழுதும். 2016-ல் டெபியனின் என்ஜின்எக்ஸ் வெப்சர்வர் தொகுப்பில் இந்த வகை ஓட்டைதான் அடைக்கப்பட்டது.

ஆபத்து என்று லாகை அழித்துவிடவும் முடியாது. 180 நாள் பதிவுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. ஆகவே ரகசியம் எதுவும் முகவரியில் ஏறாமல் தளத்தை அமைப்பது முதல் வேலை. அடுத்தது 640. பழைய லாகைச் சுருக்கி வைக்கும்போதும், பேக்கப் எடுக்கும்போதும் பிரதிக்கும் அதே கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார்ப்பது மூன்றாவது. பெரும்பாலும் விட்டுப்போவது இந்த மூன்றாவதுதான்.