பேதைமையும் ஞானமும்



அறிவின்மை என்றதும் படிப்பின்மையையே நாம் நினைக்கிறோம். ஆசிரியப் பணியேற்ற புதிதில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். வகுத்தற் கணக்கு வராமல் கரும்பலகை முன் விழித்து நின்ற மாணவன் ஒருவனை, வகுப்பறிய "மூடன்" என்றேன். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை, பின்னர் வரவேயில்லை. சகோதரனை அச்சொல்லால் அழைப்பவன் கடுந்தண்டனைக்கு உரியவனாவான் என்று இயேசு மலைப் பொழிவில் எச்சரித்திருப்பதைப் பின்னாளில் படித்தபோது என் நெஞ்சு திடுக்குற்றது. அச்சொல்லின் பொருள்தான் என்ன என்று விவிலியத்தில் தேடலானேன்.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள நீதிமொழிகள் 31 அதிகாரங்கள் கொண்டது. அதன் பெரும்பகுதி சாலமோன் மன்னர் பெயரால் வழங்குகிறது. அந்நூல் அறிவிலிகள் அனைவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதில்லை. முதலாமவன் பேதை, உலகறியாதவன், எவர் சொல்லையும் நம்புகிறவன். அவனுக்கு அறிவு புகட்டவே தான் எழுந்ததாக நூல் தொடக்கத்திலேயே கூறுகிறது. இரண்டாமவன் மதியீனன்; அறிவையே வெறுப்பவன். மூன்றாமவன் பரியாசக்காரன், தன்னைத் திருத்த வருபவரை இகழ்பவன். தன்னைத்தானே ஞானியென்று மதித்துக்கொள்பவனைவிட மதியீனன் திருந்துவான் என்று நம்ப இடமுண்டு என்பதும் அந்நூலின் முடிவு. ஆகவே பேதைமையின் கொடிய நிலை மூளையின் மந்தத்தால் வருவதன்று. செவியை அடைத்துக்கொள்வதால் வருவது.

இதற்குச் சான்றாக சாமுவேலின் முதல் நூலில் நாபால் என்பவன் வருகிறான். எபிரேய மொழியில் அப்பெயருக்கே மூடன் என்பது பொருள். அவனோ ஏழையல்லன், 3000 செம்மறிகளும் 1000 வெள்ளாடுகளும் உடைய செல்வன். தன் மந்தையைக் காத்து நின்ற தாவீதின் ஆட்கள் உணவு வேண்டியபோது, அவர்களை வைது துரத்தினான். இவனிடம் ஒருவரும் பேச முடியாது என்று வீட்டு வேலைக்காரனே சொல்கிறான். அவ்வேலைக்காரனின் சொல்லைக் கேட்டு, உணவோடு விரைந்து சென்று குடும்பத்தைக் காத்தவள் அவன் மனைவி அபிகாயில். ஒரே வீட்டில் பேதைமையும் ஞானமும் குடியிருந்தன. வேறுபாடு, கேட்கும் காதில் இருந்தது.

சாலமோன் இறைவனிடம் வேண்டியதும் செல்வத்தையன்று. எபிரேயச் சொல்லின்படி, 'கேட்கும் இதயம்' ஒன்றையே. நம் வள்ளுவர் பெருமானும் கேள்வி என்ற 42ஆம் அதிகாரத்தை அமைத்த பின்னரே, 43ஆவதாக அறிவுடைமையை வைத்தார். கல்லாதவனாயினும் கேட்கட்டும் என்பதும் அவர் கருத்தன்றோ!

கேட்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பாறைமேல் வீடு கட்டியவன், மணல்மேல் கட்டியவன் ஆகிய இருவரையும் இயேசு உவமையாகக் காட்டுகிறார். இருவர்க்கும் போதனை ஒன்றே. கேட்டபடி நடந்தவன் ஞானி. கேட்டும் நடவாதவன் பேதை. பெருமழையில் கொட்டக்குடி ஆறு புரண்டு வருவதைக் கண்ட தேனிப் பகுதியார்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

எனக்கு அது வேறொரு வகையில் விளங்கிற்று. ஓய்வு பெற்றபின் அல்லிநகரத்தில் வீடு கட்டினேன். ஓடைப்பக்கச் சுற்றுச்சுவருக்குக் கடைக்கால் தோண்டிய கொத்தனார், "ஐயா, இன்னும் கெட்டிமண் தட்டவில்லை, இன்னும் இரண்டடி இறங்க வேண்டும்" என்றார். செலவுக்கு அஞ்சி, "போதும்" என்றேன். ஐப்பசி மழையில் சுவர் பிளந்தது. அதனைச் செப்பனிட வந்தபோதுதான், அன்று கரும்பலகை முன் நின்ற மாணவன் தாமே என்று அவர் மெல்லச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் புன்னகைத்துவிட்டு மண்ணைத் தோண்டலானார்.

இத்தாலியில் பிறந்து தமிழ்த் தொண்டாற்றிய வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதை 1822இல் இலண்டனில் அச்சேறியது. அதில் ஆற்றைக் கடந்த சீடன் ஒருவன், தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணி, ஒருவர் குறைந்ததாகப் புலம்புகிறான். நாமும் அதைப் படித்துச் சிரிக்கிறோம். அன்று வகுப்பில் மூடரை எண்ணிய நானும் என்னை எண்ணவில்லை.