ரப்பருக்கு உள்ள நேர்மை பாகுக்கு வேண்டாமா?

போர்டிக்சன் கடலோர விடுதிகளின் காலை உணவு மேசையிலும், லுக்குட் பக்கத்துப் பேரங்காடி அடுக்குகளிலும் பார்க்கக் கிடைக்கும் பேன்கேக் பாகுப் போத்தல் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். முன்பக்கத்தில் சிவந்த மேப்பிள் இலை, அல்லது தேன் சொட்டும் அடை. பின்பக்கத்தில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில், குளுக்கோஸ் பாகு, சீனி, தண்ணீர், கெட்டிப்படுத்தும் பொருள், கெடாமல் காக்கும் பொருள்; கடைசியாக 'பெரிசா', 'பெவார்னா' என்று இரண்டு மலாய்ச் சொற்கள். முன்னது சுவையூட்டி, பின்னது நிறமூட்டி. மேப்பிள் மரத்திலிருந்தோ தேன்கூட்டிலிருந்தோ வந்த ஒரு துளியும் இல்லாத போத்தல்கள் பல. ஆனால் அந்த லேபிளில் பொய் என்று விரல் வைக்க ஒரு சொல்லும் அகப்படாது. 'மேப்பிள் சுவையுள்ள பாகு' என்றுதான் போட்டிருக்கும். எழுத்து உண்மையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஏமாற்றும் வேலையைப் படம் பார்த்துக்கொள்கிறது.

உண்மையான மேப்பிள் பாகு ஒரு லிட்டர் வேண்டுமானால் ஏறக்குறைய 40 லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்ச வேண்டும். போலிக்கு அந்த உழைப்பு தேவையில்லை. நிறம், கெட்டி, மணம் ஆகிய மூன்றும் கூடிவந்தால் போதும். நிறத்துக்குக் கேரமல் சாயம், கெட்டிக்கு செல்லுலோஸ் பிசின். மணத்தின் கதைதான் சுவையானது. மேப்பிளை நினைவூட்டும் வாசனைக்குக் காரணமான சோட்டலோன் என்ற சேர்மம் நம் அஞ்சறைப் பெட்டி வெந்தயத்திலும் இருக்கிறது. 2005 முதல் நியூயார்க் நகரில் அவ்வப்போது மேப்பிள் பாகின் வாசம் வீசி, மக்கள் குழம்பிப் போய்ப் புகார் செய்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில், நியூ ஜெர்சியில், வெந்தய விதையிலிருந்து சுவையூட்டி தயாரித்த ஆலையே அதற்குக் காரணம் என்று 2009-இல் நகர நிர்வாகம் அறிவித்தது. ஒரு மாநகரமே வெந்தயத்தை மேப்பிள் என்று நினைத்தது என்றால், போத்தலைத் திறந்து முகர்ந்து பார்க்கும் வாங்குபவரின் மூக்கை மட்டும் நம்பி என்ன பயன்?

மேப்பிள் நமக்கு அயல் சரக்கு. ஏமாந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். தென்னஞ்சர்க்கரைக் கட்டியான குலா மலாக்காவை அப்படி விட முடியாது. லிங்கி ஆற்றைக் கடந்தால் அந்தப் பெயருக்குரிய மாநிலம். தென்னம்பாளையைச் சீவி, காலையும் மாலையும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த சாற்றை மணிக்கணக்கில் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி இறுக வைப்பது அதன் பழைய முறை. சாற்றில் சர்க்கரை சுமார் 15 சதவீதமே என்பதால் ஒரு கிலோ கட்டிக்கு ஆறேழு லிட்டர் சாறாவது வேண்டும். வெள்ளைச் சீனியின் நிலை வேறு. 2018 செப்டம்பரில் அரசு அதன் கட்டுப்பாட்டு விலையைக் கிலோவுக்கு 2.85 ரிங்கிட் என்று வைத்தது. சாற்றோடு சீனியைக் கொட்டிக் காய்ச்சினால் கட்டியின் எடை ஏறும், செலவு இறங்கும், பெயர் மட்டும் அப்படியே நிற்கும். செண்டோலில் ஊற்றுவதும், இந்நாட்டில் 'புட்டு மாயம்' என்று பெயரெடுத்துவிட்ட நம் இடியாப்பத்தின் மேல் தேங்காய்ப்பூவோடு தூவுவதும் எந்தக் கட்டி என்பது நிறத்தைப் பார்த்துத் தெரியாது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடியைச் சுற்றிய வட்டாரத்தில் பதநீரோடு சீனி கலப்பது பனையேறிகளின் நெடுநாள் குறை.

சட்டம் இல்லாமலில்லை. 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, உணவின் தன்மை, தரம், கலவை, தூய்மை ஆகியவை குறித்துப் பொய்யாகவோ திசைதிருப்பும் விதத்திலோ லேபிள் இடுவதைக் குற்றமாக்குகிறது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. 1985-ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறை விதிகள், சேர்மானங்களை எடையின் இறங்கு வரிசையில் எழுதச் சொல்கின்றன. ஓட்டை அந்த வரிசையில்தான் இருக்கிறது. கணக்குக்காக ஒரு பாகை எடுத்துக்கொள்வோம்: தென்னஞ்சர்க்கரை 30 பங்கு, சீனி 28, குளுக்கோஸ் பாகு 25, தண்ணீர் 17. பட்டியலில் தென்னஞ்சர்க்கரைக்குத்தான் முதலிடம். ஆனால் இரண்டு மலிவு இனிப்புகளையும் கூட்டினால் 53. இனிப்பைப் பல பெயர்களில் பிரித்து எழுதினால், சிறுபான்மைச் சரக்கு பட்டியலின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். விதி மீறப்படவில்லை, வாங்குபவருக்கு உண்மையும் எட்டவில்லை. வரிசை முந்தியது எது என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.

எவ்வளவு என்று சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது என்பவர்களுக்குப் போர்டிக்சன் வட்டாரத் தோட்டங்களின் வரலாறே பதில் வைத்திருக்கிறது. ரப்பர்க் காலத்தில் மங்கில் சேர்ந்த பால் கொட்டகைக்கு வந்ததும் வாளியின் எடையை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதவில்லை. மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை இறக்கியோ, மாதிரியை உலர்த்தியோ, அந்தப் பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்தார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். 1965-இல் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் வந்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: அளவையே பெயராக்கினார்கள். எஸ்.எம்.ஆர். 20 என்றால் அழுக்கு 0.20 சதவீதத்துக்கு மேல் கூடாது, எஸ்.எம்.ஆர். 5 என்றால் 0.05. வரம்புகள் பின்னாளில் மேலும் இறுகின. அயல்நாட்டு டயர் ஆலைக்கு அனுப்பிய கட்டியில் எவ்வளவு அழுக்கு என்பதைப் பெயரிலேயே அறிவித்த நாடு இது. அந்த ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் வாயில் வைக்கும் பாகில் எவ்வளவு பாகு என்று எழுத முடியாது என்றால் அதை எப்படி ஏற்பது?

அளவை எழுதினாலும் யார் சரிபார்ப்பது என்ற கேள்வி வரும். நாவில் கரையும் வேகத்தை வைத்தும், கட்டி உடையும் விதத்தை வைத்தும் அசலைக் கண்டுபிடிக்கலாம் என்று சந்தையில் சொல்வார்கள். அவை உறுதியான சோதனைகள் அல்ல. ஆய்வுக்கூடத்தில் வழி இருக்கிறது. கரும்பும் சோளமும் காற்றிலுள்ள கரியை உள்வாங்கும் முறை ஒன்று. தென்னையும் மேப்பிளும், தேனீ நாடும் பெரும்பாலான பூச்செடிகளும் உள்வாங்கும் முறை வேறு. அதனால் சர்க்கரையிலுள்ள கரியின் இரண்டு வகை அணுக்களின் விகிதமும் மாறுகிறது. தேனில் கரும்பு, சோளச் சர்க்கரைக் கலப்படத்தைப் பிடிக்க இந்த முறையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். அரிசிப் பாகு கலந்தால் இதற்குத் தப்பிவிடும் என்பது உண்மையே. ஆனால் மலிவுக் கலப்படத்துக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது கரும்புச் சீனிதான்.

சர்க்கரை எதுவானாலும் சர்க்கரைதானே, அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்பதே வலுவான மறுப்பு. அதில் பாதி உண்மை. குலா மலாக்காவிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அது மருந்தல்ல. சாயமும் சுவையூட்டியும் அனுமதிக்கப்பட்டவை, அவற்றை விஷம் என்பது மிகை. ஆனால் மீதிப் பாதியைப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4. இந்தச் சமூகத்தில்தான் 'தென்னஞ்சர்க்கரை இரத்தத்தில் மெல்ல ஏறும்' என்ற பேச்சு வீட்டுக்கு வீடு நடக்கிறது. அந்த ஏறும் வேகத்தைக் காட்டும் கிளைசிமிக் குறியீட்டைப் பிலிப்பீன்சில் 35 என்று அளந்தார்கள், சிட்னியில் 54 என்று அளந்தார்கள். அசல் கட்டிக்கே கணக்கு இப்படி ஆடுகிறது. பாதிக்கு மேல் சீனி கலந்த கட்டிக்கு எந்த எண்ணும் பொருந்தாது. இனிப்புநீர்க்காரர் ஒருவர் கூடுதல் காசு கொடுத்து வாங்கி, கொஞ்சம் தாராளமாகவும் ஊற்றிக்கொண்டால், பணமும் போகிறது, கட்டுப்பாடும் போகிறது.

மலிவுப் பாகு ஏழைக்கு வேண்டாமா என்பது இன்னொரு கேள்வி. வேண்டும், விற்கட்டும். மழைக்காலத்தில் சாறு நீர்த்துப்போவதால், இறுகக் கொஞ்சம் சீனி சேர்க்கிறோம் என்று காய்ச்சுபவர் சொன்னால் அதையும் ஏற்கலாம்; 'சீனி 15 சதவீதம்' என்று எழுதிவிட்டால் அவரும் நேர்மையானவரே. கேட்பது இவ்வளவுதான்: முன்பக்கத்தில் எந்தப் பொருளின் படமோ பெயரோ இருக்கிறதோ, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அது எத்தனை சதவீதம் என்ற எண்ணும் இருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் பூஜ்யம். கம்பத்தில் அடுப்படியில் நின்று சாறு காய்ச்சுபவருக்கு அந்த எண்ணால் நட்டமில்லை. நூறு என்று எழுத அவரால்தான் முடியும். இன்றோ அவருடைய கட்டியும் சீனிக் கட்டியும் ஒரே பெயரில், ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. விலை குறைந்தது முதலில் விற்றுப்போகிறது.